புரொப்பெல்லரை என் கடையில் போடு: குப்பைச் சிற்பம் பற்றி ஒரு வாக்குவாதம்

முதுநகர்_தூரிகை
கடலூர் துறைமுகப் பக்கம் உடைந்து கிடந்த ஃபைபர் படகுத் துண்டுகள், கிழிந்த நைலான் வலை, துருப்பிடித்த சங்கிலி, ஒரு பித்தளை புரொப்பெல்லர். இவற்றை வைத்து ஆறடி நீளத்தில் கடலாமை ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஓடு ஃபைபர். கழுத்தும் துடுப்புகளும் இரும்புக் கம்பியில் சுற்றிய வலை. புரொப்பெல்லர் ஓட்டின் நடுவில். எல்லாவற்றையும் எப்பாக்ஸிப் பசையால் ஒட்டி, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நிறுத்த அனுமதி கேட்கப் போகிறேன். ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. உங்கள் கருத்து?

காயலான்_கடை
தம்பி, பித்தளையும் இரும்பும் என்னிடம் வந்தால் உருக்காலைக்குப் போய் மறுபடி பொருளாகும். எப்பாக்ஸி பூசிய பிறகு அதை எவன் வாங்குவான்? அது இறுகினால் இறுகியதுதான், சூடு காட்டினாலும் உருகாது, கருகும். பிரிக்க முடிந்த குப்பையைப் பிரிக்க முடியாத குப்பையாக்கிவிட்டு அதற்குச் சுற்றுச்சூழல் என்று பேர் வேறு.

முதுநகர்_தூரிகை
அண்ணே, சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையலையும் பீங்கானையும் சிமென்டில் பதித்துச் சிலைகள் செய்ய ஆரம்பித்தார். 1976இல் அரசே அதைப் பூங்காவாகத் திறந்துவிட்டது. வளையலைத் திருப்பி எடுக்க முடியுமா என்று அவரிடம் யாராவது கேட்டார்களா? பிக்காசோ 1942இல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். அதையும் காயலான் கடையில் போட்டிருக்க வேண்டுமா?

வில்லியனூர்_வெல்டிங்
சண்டிகரில் கடல் இல்லை. அந்தக் காளைத் தலையையும் பிறகு வெண்கலத்தில் வார்த்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். உப்புக் காற்றில் பித்தளையும் இரும்பும் ஒட்டி இருந்தால் இரும்பு சீக்கிரம் அரித்துப் போகும். ரெட் ஆக்சைடு அடித்தாலும் வலை உரசுகிற இடத்தில் பெயின்ட் போய் அங்கிருந்துதான் துரு கிளம்பும். கழுத்து ஒரு நாள் யார் காலிலாவது விழும். குழந்தைகள் ஏறாத சிலை எந்த பீச்சில் இருக்கிறது?

இன்னொன்று, ஃபைபரை கிரைண்டரில் அறுக்கும்போது என்ன போட்டுக்கொள்கிறீர்கள்? கைக்குட்டை போதாது. ஃபைபரில் இருக்கும் கண்ணாடி இழைத் தூள் முழங்கை மடிப்பில் ஏறினால் ராத்திரி தூக்கம் இல்லை. நுரையீரலுக்குள் போனால் சொல்லவே வேண்டாம். நல்ல மாஸ்க், முழுக்கைச் சட்டை, அறுக்கும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர். கரன்ட் மெஷின் என்றால் தண்ணீர் வேண்டாம், கையால் அறுக்கும்போது மட்டும்.

புதுவை_களிமண்
எப்பாக்ஸி இல்லாமலும் செய்யலாமே. கானாவில் பிறந்த சிற்பி எல் அனட்சுய் மதுபாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் கோத்து, சுவர் அளவுக்குத் துணிபோலத் தொங்கவிடுகிறார். பசை கிடையாது. ஒவ்வொரு கண்காட்சிக் கூடத்திலும் வேறு மாதிரி மடிப்பு விழும்.

வில்லியனூர்_வெல்டிங்
அலுமினிய மூடி, செம்புக் கம்பி. கடற்கரையில் வைத்தால் அதுவும் அரிக்கும். அவர் பெரும்பாலும் கூடத்துக்குள் மாட்டுகிறார்.

புதுவை_களிமண்
சரி, அப்படியானால் போல்ட் போடுங்கள், இரண்டு உலோகத்துக்கும் நடுவே டியூப் ரப்பரை வெட்டி வாஷராக வையுங்கள். ஆனால் 'நிலைக்காது' என்பதை ஒரு குற்றமாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. மண் பொம்மை கரைவதில் யாருக்கும் வருத்தம் இல்லை. எனக்கு உறுத்துவது வலைதான். நைலான் வெயிலில் நொறுங்கும். நாளாக நாளாகத் தூள் தூளாக மணலில் உதிரும். ஆமைக்காகச் செய்த சிலை ஆமை முட்டையிடும் மணலிலேயே பிளாஸ்டிக் தூவும்.

முதுநகர்_தூரிகை
போல்ட் சரி, ரப்பர் சரி. ஆனால் ஏசி கூடத்தில் வைத்தால் வலை போடுகிறவர் யார் வந்து பார்ப்பார்? அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே தலையாட்டுகிறவர்கள்.

காயலான்_கடை
மீன் ஏலம் விடும் இடத்தில் கூரைக்கு அடியில் வையேன். விடியற்காலையில் ஊரே அங்கேதான் நிற்கும், வெயிலும் படாது.

முதுநகர்_தூரிகை
அங்கே நிற்கிறவர்கள் மீனைப் பார்ப்பார்களா, ஆமையைப் பார்ப்பார்களா? எனக்கு பீச்தான். வலையை வேண்டுமானால் எடுத்துவிட்டு, துடுப்பையும் ஃபைபரிலேயே செய்கிறேன்.

வில்லியனூர்_வெல்டிங்
கழுத்துக்குள் இரும்புக் கம்பி இருக்கிறவரை என் பதில் அதேதான்.

காயலான்_கடை
ஃபைபரை நான் எடுப்பதில்லை, உருகாது, வாங்க ஆளில்லை. மணல் ஏறிச் சிக்குப் பிடித்த வலையும் அப்படித்தான், கடைக்குப் பின்னால் மலையாகக் கிடக்கிறது. எவனும் வாங்காததில் செய், நான் வாயே திறக்க மாட்டேன். காசு வேண்டாம், வண்டி கொண்டு வந்து அள்ளிக்கொள். வரும்போது அந்த புரொப்பெல்லரைக் கொண்டு வா, எடைக்கு எடை ரொக்கமாகத் தருகிறேன்.

முதுநகர்_தூரிகை
ஃபைபருக்கு வருகிறேன். புரொப்பெல்லர் வராது.