"கால் இட் எ டே" என்றால் முழுப் பேரா, அரைப் பேரா? உதவுங்கள்

லயத்துப் பையன்:
அண்ணன்மார், அக்காமார் யாராவது விளக்குங்கள். தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இப்போது நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் நாள் சம்பளத்துக்கு நிற்கிறேன். போன வியாழக்கிழமை பூப்பாத்தி கொத்திக்கொண்டிருந்தோம். மூன்று மணிக்கே மழை பிடித்துவிட்டது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "லெட்ஸ் கால் இட் எ டே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு 'டே' மட்டும்தான் பிடிபட்டது. முழு நாள் நின்றால்தான் பேர் (தோட்டத்தில் ஒரு நாள் சம்பளக் கணக்கை அப்படித்தான் சொல்வோம்) போடுவேன் என்கிறாராக்கும் என்று ஆறு மணி வரை நனைந்துகொண்டே புல் பிடுங்கினேன். பறித்த கொழுந்தில் கிலோ குறைந்து அம்மா அரைப் பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு வந்த நாட்களைப் பார்த்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? மறுநாள் ஒரே சிரிப்பு.

இன்னும் இரண்டு இருக்கிறது. ஒரு வெள்ளைக்கார அம்மா "அண்டர் த வெதர்" என்றார், குடை எடுத்துக் கொடுத்தேன். தேயிலை பெக்டரி பார்க்கப் போகிறீர்களா என்று அவர் வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "நாட் மை கப் ஆஃப் டீ" என்றார். கோப்பி ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். குடித்தார், அது வேறு கதை.

பண்டாரவளை மச்சான்:
மச்சான், அந்தக் கோப்பியில் பிழையே இல்லை. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை தேயிலை போடும்போது இந்த மலையெல்லாம் கோப்பிதானே!

அட்டன் டீச்சர்:
தம்பி, "கால் இட் எ டே" என்றால் 'இன்றைக்கு இவ்வளவு போதும், கிளம்பலாம்.' சம்பளத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் நினைத்தது முழுக்கப் பைத்தியக்காரத்தனமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இது "கால் இட் ஹாஃப் எ டே" என்றுதான் வழங்கியது. பாதியில் வேலையை விட்டுக் கிளம்பி, அரை நாள் என்று வைத்துக்கொள்வோம் என்கிற பேச்சு. நம் அரைப் பேருக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கிரிக்கெட்காரர் ஓய்வு பெற்றாலும் "கால்ட் இட் எ டே" என்பார்கள். இரவு என்றால் "கால் இட் எ நைட்".

"அண்டர் த வெதர்" என்றால் மேலுக்கு முடியவில்லை. தடிமன், தலையிடி மாதிரிச் சின்னச் சின்னதுக்கு. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து கிடப்பவரை அப்படிச் சொன்னால் கேலி மாதிரி இருக்கும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நாம் 'மேலுக்கு முடியல' என்றால் அவர்கள் மேல்மாடியை அல்லவா பார்ப்பார்கள்?

மூன்றாவது, 'எனக்கு அதில் விருப்பம் இல்லை' என்பதை முகம் கோணாமல் சொல்வது. பெரும்பாலும் 'நாட்' சேர்த்துத்தான் வரும்.

லயத்துப் பையன்:
நன்றி டீச்சர். அப்படியென்றால் பாத்ரூம் கழுவச் சொன்னால் நானும் "நாட் மை கப் ஆஃப் டீ" என்று சொல்லலாமா?

அட்டன் டீச்சர்:
சொல்லாதீர்கள்! அது ருசிக்கு, பொழுதுபோக்குக்குச் சொல்வது. மேலதிகாரி கொடுத்த வேலைக்குச் சொன்னால் திமிராகத்தான் விழும்.

பண்டாரவளை மச்சான்:
பிறகு சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதற்கு "கெட் த சேக்". கோணிச்சாக்கு கொடுக்கிறார்கள் என்று கையை நீட்டிவிடாதே.

கண்டிக்காரி:
ஒன்று சொல்கிறேன். சொல்லுக்குச் சொல் எடுத்து இடத்துக்குப் பொருந்தவில்லை என்றால் கூச்சப்படாமல் திருப்பிக் கேளுங்கள். "யூ மீன், வி கேன் கோ?" போதும். நான் ஹோட்டலில் சேர்ந்த முதல் வருடம் தலையாட்டியே ஓட்டினேன். அத்தனை தொல்லையும் அதனால்தான்.

லயத்துப் பையன்:
சரி அக்கா. இன்று காலை அந்த அம்மாவுக்கு இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ கொண்டுபோனேன். "ஸ்டில் அண்டர் த வெதர்?" என்று கேட்டேன். எழுந்து உட்கார்ந்து சிரித்தார். குடை கட்டிலோரமாகத்தான் சாய்ந்திருந்தது, திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.