பாதிரியாரின் அக்காவுக்குக் கடலூரில் கல்யாணம்

கடலூரிலிருந்து

முப்பத்தோரு ஆண்டுகள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். வில்லங்கம் பார்ப்பதுதான் பிழைப்பு. சர்வே எண்ணைக் கொடுத்தால் போதும், அந்த நிலம் பாட்டன் பூட்டன் காலத்தில் யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்தப் பாகப்பிரிவினையில் யார் ஏமாந்தார் என்று எடுத்து வைத்துவிடுவேன். ஓர் இங்கிலாந்துக் கிராமத்துப் பாதிரியாரின் வம்சத்துக்கு வில்லங்கம் பார்க்க நேரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு தினமும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடப்பேன். ஒரு மார்கழி மாலை, சுண்டல் விற்கிற பையனிடம் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி காகிதம் ஒன்றைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பையன் என்னைக் கைகாட்டிவிட்டான். கடலூர் என்ற பெயரும், கீழே 22 பிப்ரவரி 1753 என்ற தேதியும் பென்சிலில் எழுதிய தாள் அது. செயின்ட் டேவிட் கோட்டை எங்கே என்றார். கோட்டை ஏது? 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துப்போட்டது போக மிஞ்சிய செங்கல் சுவரைத்தான் காட்ட முடிந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் கை வைத்தார். ஏன் கழற்றினார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை; மணல் புகுந்திருக்கலாம். "ஜார்ஜ் ஆஸ்டின் என்ற பாதிரியாரின் அக்காவுக்கு இந்த ஊரில்தான் திருமணம் நடந்தது" என்றார். எனக்கு ஜார்ஜ் ஆஸ்டினைத் தெரியாது. அவருடைய மகள், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினைத் தெரியும், பேத்தியின் பாடப் புத்தகம் வழியாக.

அந்த அம்மாள் கென்ட் மாவட்டத்துக்காரர். ஊருக்குத் திரும்பியதும் மின்னஞ்சலில் வழிகாட்டினார். இரண்டு ஆண்டுகளாகத் தேடுகிறேன்.

ஜார்ஜ் ஆஸ்டின் 1731இல் டன்பிரிட்ஜில் பிறந்தவர். தந்தை வில்லியம் அறுவை மருத்துவர். தாய் முதலில் போனார், தந்தை மறுமணம் செய்துகொண்டார், 1737இல் அவரும் போனார். சிற்றன்னை பிள்ளைகளை ஏற்கவில்லை. பெரியப்பா பிரான்சிஸ் செவனோக்ஸில் வழக்கறிஞர். அவர்தான் படிக்க வைத்தார். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் பட்டியலில் தந்தை பெயர், ஊர், சேர்ந்தபோது வயது எல்லாம் ஒரே வரியில் கிடைக்கின்றன. பாதிரியாரைத் தேடுகிறவர்களுக்கு அதுதான் மூலப் பத்திரம்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவர் பாதிரியார் அல்லர், அவருடைய பாட்டி எலிசபெத் வெல்லர். கணவர் 1704இல் கடனை விட்டுவிட்டு இறந்தார். ஏழு பிள்ளைகள். மாமனார் ஹார்ஸ்மண்டனில் கம்பளித் துணி வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த குடும்பம். அந்தப் பெரியவரும் அடுத்த ஆண்டே கண்ணை மூடினார். சொத்து மூத்த பேரனுக்கென்று எழுதப்பட்டிருந்தது. மற்ற ஆறு பேருக்கும் பட்டை நாமம். இந்த அம்மாள் உட்கார்ந்து அழவில்லை. சாமான்களை விற்றுக் கடனை அடைத்தார். செவனோக்ஸ் பள்ளி வீட்டுக்குக் குடிபெயர்ந்து, அங்கே தங்கிப் படிக்கிறவர்களுக்குச் சமைத்துப்போட்டு, அதற்கு ஈடாகத் தன் பையன்களைப் படிக்க வைத்தார். எதற்கு எவ்வளவு செலவானது, ஏன் இந்த முடிவெடுத்தேன் என்று பிள்ளைகளுக்குக் கணக்கும் எழுதி வைத்தார். எத்தனையோ குடும்பக் கணக்குகளைப் பார்த்தவன் சொல்கிறேன், இப்படிப்பட்டவர் ஒருவர் இருந்தால் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு விழாது.

இனி அக்கா. பெயர் பிலடெல்பியா. அவரை எங்கே பிடித்தேன் தெரியுமா? முத்திரைத் தீர்வையில்! இங்கிலாந்தில் 1710 முதல் தொழில் பழகச் சேர்கிறவர்களுக்கான கட்டணத்தின் மேல் அரசு தீர்வை போட்டது. அந்தக் கணக்கேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1745இல் கோவென்ட் கார்டனில் தொப்பி, அலங்காரத் துணி தைக்கிற ஒரு பெண்மணியிடம் பிலடெல்பியா சேர்க்கப்பட்டிருக்கிறார். தம்பிக்கு ஆக்ஸ்ஃபோர்டு, அக்காவுக்கு ஊசியும் நூலும். அரசு காசு வாங்கிய இடத்திலெல்லாம் பெயர் நிற்கும் என்று எங்கள் பழைய சார்பதிவாளர் சொல்வார். அது கடல் கடந்தும் பொருந்துகிறது.

1752 ஜனவரியில் கப்பல் ஏறி ஆகஸ்டில் சென்னையில் இறங்கினார். அடுத்த பிப்ரவரியில் செயின்ட் டேவிட் கோட்டையின் அறுவை மருத்துவர் டைசோ சால் ஹான்காக்குடன் கடலூரில் திருமணம். மாப்பிள்ளை தேடி வந்தார் என்று எல்லோரும் சுருக்கமாக எழுதிவிடுகிறார்கள். வரதட்சணைக்கு வழியில்லாத அனாதைப் பெண் என்று நம் ஊரில் நேராகச் சொல்லிவிடுவோம். நான்கு நாள் முன்னதாக, அதே பிப்ரவரி 18ஆம் தேதி, சென்னை செயின்ட் மேரி தேவாலயத்தில் ராபர்ட் கிளைவுக்கும் கல்யாணம். முகூர்த்த மாதம் போலிருக்கிறது.

தேதி விஷயத்தில் புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். பழைய ஏட்டில் 1730 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1731. இது தெரியாமல் ஒரு குழந்தையைப் பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே பிறக்க வைத்துவிட்டு, ஒரு வாரம் அந்தக் குடும்பத்தைப் பற்றித் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு முட்டாள்தனம். ஆஸ்டின் என்ற பெயரைத் தமிழில் நாம் ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் கடைசி உயிரெழுத்து ஈ-யா, ஐ-யா என்பதில் ஆளே மாறிவிடுகிறார். பணம் கட்டி ஓர் உயிலை இறக்கிப் படித்தால், யாரோ ஒருவர் தன் பசுக்களையும் பீர்ப் பீப்பாய்களையும் மருமகனுக்கு எழுதி வைத்திருக்கிறார். சுவாரசியமாகத்தான் இருந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து

ஐயா, எங்கள் தாத்தா சேகர குருவானவர். அதனால் ஒரு சொல் விளக்கம் தருகிறேன். பாதிரியார் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அந்த ஊர் ஆவணத்தில் ஆள் கிடைக்கமாட்டார். அக்காலத்தில் ரெக்டர் என்பவர் ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் முழுவதையும் பெற்றவர். விகார் என்பவருக்குச் சிறிய பங்கு மட்டும். தானியமும் வைக்கோலும் பெரும்பாலும் வேறொருவருக்குப் போய்விட்டன. கியூரேட் சம்பளத்துக்கு உழைத்தவர். (நம் ஊர்க் கத்தோலிக்கக் கல்லூரி ரெக்டரை நினைத்துக் குழம்ப வேண்டாம்.) ஒருவர் எதுவாக இருந்தார் என்பது வீட்டில் எத்தனை வேளை இறைச்சி என்பதைச் சொல்லிவிடும்.

நான் சறுக்கிய இடம் செல்போர்ன் என்ற இங்கிலாந்துக் கிராமம். பறவைகளைக் கவனித்து எழுதிய கில்பர்ட் ஒயிட்டை அவ்வூரின் விகார் என்று பள்ளி ஆண்டு மலரில் எழுதிவிட்டேன். விகாராக இருந்தவர் அதே பெயர் கொண்ட தாத்தா, 1728இல் இறந்தவர். பேரன் அங்கே கியூரேட் மட்டுமே. செல்போர்ன் பதவியை வழங்கும் உரிமை ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரிக்கு. இவரோ ஓரியல் கல்லூரிக்காரர். ஆகவே பிறந்த ஊரில் கடைசிவரை விகார் ஆக வழியில்லை. அவர் கல்லறைக் கல்லில் இரண்டு முதலெழுத்துகளும் 1793ஆம் ஆண்டின் ஒரு தேதியும்தான். வம்சம் தேடுகிறவனுக்கு அதைவிடக் கஞ்சத்தனமான கல் கிடையாது.

1540 முதல் 1835 வரையிலான குருமார்களின் நியமனங்களைத் தொகுத்த தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். உயிலுக்குப் பணம் கட்டுவது பிறகு.

இங்கிலாந்து ரெடிங்கிலிருந்து

கடலூர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் ஜார்ஜ் ஆஸ்டின் பாதிரியாராக இருந்த ஸ்டீவன்டன் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. போன வசந்தத்தில் மகனுடன் போனேன்.

ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. சந்து போன்ற சாலை, இருபுறமும் வேலி, முடிவில் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயம். வாசலில் கிழட்டு யூ மரம். அதன் பொந்தில்தான் ஒரு காலத்தில் கோயில் சாவியை வைப்பார்களாம். பாதிரியார் குடியிருந்த வீடு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். புல்வெளியில் வேலி கட்டிய ஒரு மூலையும், மூத்த மகன் ஜேம்ஸ் நட்ட லைம் மரமும் இருக்கின்றன. எலுமிச்சையை எதிர்பார்த்துப் போன என் மகனுக்கு ஏமாற்றம். இது பழம் தராத வேறு மரம்.

கோயிலுக்குள் ரெக்டர்களின் வரிசையைப் பலகையில் பார்த்ததும் எனக்குத் தஞ்சாவூர் மிராசு நினைவுக்கு வந்தது. 1759இல் ஒன்றுவிட்ட உறவினர் ஹென்றி, 1761 முதல் ஜார்ஜ், 1805 முதல் அவர் மகன் ஜேம்ஸ், அவருக்குப் பின் சிறிது காலம் இன்னொரு மகன் ஹென்றி, பிறகு பேரன் வில்லியம் நைட் 1873 வரை. நூறு ஆண்டுக்கு மேல் ஒரே குடும்பம். காரணம் எளிது. நியமிக்கும் உரிமை உறவினரான நைட் குடும்பத்தின் கையில் இருந்தது. அந்த உரிமை அக்காலத்தில் நிலம் போலவே விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாக இருந்தது. வில்லியம் நைட்டின் மூன்று சிறு பெண்கள் 1848இல் செங்காய்ச்சலில் இறந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே நினைவுக்கல். அதன் முன் நின்று பெயர்களைப் படித்தபோது மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பதிவேடுகள் வின்செஸ்டரிலுள்ள ஹாம்ப்ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1754இல் புதிய திருமணச் சட்டம் வந்தபின் அச்சடித்த படிவம் போட்ட பதிவேடு வந்தது. முன்பக்கத்தில் எப்படி நிரப்புவது என்பதற்கு ஒரு மாதிரிப் படிவம். சிறுமி ஜேன் அதில் தன் பெயரை எழுதி மூன்று மாப்பிள்ளைகளைக் கற்பனையாகச் சேர்த்திருக்கிறாள். ஒருவருக்கு நீளமான பிரபுப் பெயர். மூன்றாமவர் வெறும் ஜாக் ஸ்மித்! அப்பா அந்தப் பக்கத்தைக் கிழிக்கவுமில்லை, அடிக்கவுமில்லை. அவருடைய குணத்தைப் பற்றி எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. இரண்டாவது மகன் பெயரும் ஜார்ஜ்தான், 1766இல் பிறந்தவர். வலிப்பும் வளர்ச்சிக் குறைபாடும் இருந்ததால் மங்க் ஷெர்போர்னில் ஒரு குடும்பத்தின் பராமரிப்பில் விட்டுவிட்டார்கள். 1838 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அரசு இறப்புப் பதிவு தொடங்கியது 1837 ஜூலையில். ஏழு மாதம் முந்தியிருந்தால் இந்தச் சான்றிதழும் கிடைத்திருக்காது. உடலில் நீர் கோத்து இறந்ததாகவும், கனவான் என்றும் பதிந்திருக்கிறது. கல்லறைக்குக் கல் இல்லை. எங்கள் வீட்டு வம்சாவளியிலும் ஒரு சித்தப்பா பெயர் இல்லை. அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மழை பெய்கிறதா என்று கேட்டார்.

திருகோணமலையிலிருந்து

பிந்தி வந்ததற்கு மன்னிக்க வேணும். நான் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. நீங்கள் கடலூரையும் ஸ்டீவன்டனையும் பற்றிக் கதைக்கிறீர்கள், கடைக்குட்டி எங்களூரில் அல்லவா கிடக்கிறார்!

பாதிரியாரின் இளைய மகன் சார்ள்ஸ், 1779இல் பிறந்தவர், கடற்படையில் சேர்ந்து ரியர் அட்மிரல் ஆனார். இரண்டாம் பர்மியப் போரில், 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி, ஐராவதி ஆற்றில் கப்பலில் வைத்தே வாந்திபேதியால் மோசம் போனார். அடக்கம் செய்தது திருகோணமலையில். முற்றவெளிப் பக்கத்துப் பழைய ஆங்கிலேயச் சவக்காலை அது. சிறு வயதில் அந்த மதில் ஓரமாகத்தான் பள்ளிக்கூடம் போவோம்; பேய்க்குப் பயந்து ஓடியிருக்கிறோமே தவிர, பெயர் வாசித்ததில்லை.

கல் வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சோக்கட்டி பூசாதீர்கள், கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது போனால் தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டி எழும்பி நிற்கும். மத்தியானத்தில் ஒன்றும் தெரியாது, தலையிடிதான் மிச்சம்.

கடலூரிலிருந்து மீண்டும்

டீச்சர் அம்மா, தலை வணங்குகிறேன். அத்தைக்குக் கல்யாணம் எங்கள் கரையில், மருமகனுக்கு அடக்கம் உங்கள் கரையில். இருவருக்கும் நடுவே தொண்ணூற்றொன்பது ஆண்டுகள்.

ஒரு பத்திரத்தை மறைக்க விரும்பவில்லை. 1760இல், ஆண்டிகுவாத் தீவில் கரும்புத் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்த ஜேம்ஸ் லாங்ஃபோர்ட் நிப்ஸின் திருமண ஏற்பாட்டுப் பத்திரத்தில் ஜார்ஜ் ஆஸ்டின் அறங்காவலர்களில் ஒருவர். அதனால் அவர் கைக்கு லாபம் வந்ததா என்பது வேறு கேள்வி, பெயர் இருக்கிறது. மகளின் விளையாட்டைச் சிரித்து விட்டுக்கொடுத்தவரும் இவர்தான். வில்லங்கச் சான்றில் நல்லதை மட்டும் எழுதித் தர எனக்குப் பழக்கமில்லை.

பிலடெல்பியாவின் மிச்சக் கதை: 1759இல் கணவருடன் கல்கத்தா போனார், அங்கே எலைசா என்ற ஒரே மகள் பிறந்தாள், 1765இல் இங்கிலாந்து திரும்பினார். ஹான்காக் மறுபடியும் சம்பாதிக்க வந்து 1775இல் கல்கத்தாவிலேயே இறந்தார். எலைசாவின் பிரெஞ்சுக் கணவர் 1794இல் கில்லட்டினில் தலை இழந்தார். பிறகு அவள் மணந்துகொண்டது தாய்மாமன் மகன் ஹென்றியை. அதாவது ரெடிங் அம்மா கோயில் பலகையில் பார்த்த இரண்டாவது ஹென்றி. முறைப்பையன்தான், நமக்கு விளக்கம் தேவையில்லை. கென்ட் அம்மாளுக்குத்தான் நான் விளக்க வேண்டியிருந்தது.

நேற்று பேத்தியை உட்கார வைத்துப் பழைய பச்சைக் காகிதத்தில் வம்சாவளி வரைந்தோம். பாதிரியாருக்குப் பிள்ளைகள் எட்டு. அவள் ஏழு கோடுதான் இழுத்திருந்தாள். ஜேம்ஸுக்கும் எட்வர்டுக்கும் நடுவே இன்னொன்று போடச் சொன்னேன். இடம் போதவில்லை. ஓரத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, ஜார்ஜ், 1766–1838, மங்க் ஷெர்போர்ன் என்று எழுதினாள். பசை இன்னும் காயவில்லை.