காலையிலேயே மகிழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? உங்கள் பழக்கத்தைச் சொல்லுங்கள்

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

இரண்டு மாதமாக ஒரு சின்ன முயற்சி. எழுந்ததும் போனைத் தொடாமல், படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே வேதாகமத்தின் பிலிப்பியர் 4:4-ஐச் சத்தமாகச் சொல்கிறேன். ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்.’ அப்போஸ்தலனாகிய பவுல் இதைச் சிறைக்காவலில் இருந்தபோதுதான் எழுதினார் என்பது எனக்குப் பெரிய பலம். அப்புறம் ஒரு நோட்டில் நன்றி சொல்ல மூன்று வரி.

முதல் சில வாரங்கள் நன்றாகப் போயின. அப்பா இறந்த பிறகு அந்த நோட்டைத் திறந்தாலே கை நின்றுவிடுகிறது. நேற்று தேதியை மட்டும் எழுதிவிட்டு மூடிவைத்தேன். சந்தோஷமாக இருப்பதாக எழுதினால் தேவனிடமே பொய் சொல்வதுபோல இருக்கிறது.

வேதாகமத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசித்தேன். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை கேள்விகள் கேட்டிருக்கிறார்! 13-ஆம் சங்கீதமும் ‘எதுவரைக்கும்’ என்ற புலம்பலில் தொடங்கித்தான் களிகூருதலில் முடிகிறது. ஆகவே அழுகையை மறைப்பது விசுவாசம் இல்லை என்றே நம்புகிறேன்.

துக்க நாட்களைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். அந்த நாட்களில் காலை ஜெபத்தை எப்படித் தொடங்கினீர்கள்? நன்றி எழுதுவதைத் தொடர்ந்தீர்களா, கொஞ்ச நாள் புலம்பலையே எழுதினீர்களா? வசனத்தை மட்டும் அனுப்பாமல், நீங்கள் தினமும் செய்த காரியத்தைச் சொன்னால் நாளைக் காலையே செய்து பார்ப்பேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.