மார்புக் கேன்சர் வந்து தப்பின ஒராளோட கதைக்கணும், ஊருக்குத் தெரியாம. எங்க தேடுற?

படுவான்கரைப் புள்ள:
எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச வந்து நாலு மாசம்தான். மார்பில கட்டி எண்டு காட்டப் போய், கேன்சர் எண்டு சொல்லி, முதலாவது கீமோவும் ஏத்தியாச்சு. நன்னாரி சர்பத் நிறத்தில ஒரு மருந்து. நேர்ஸ் பக்கத்தில இருந்து கையாலதான் மெல்ல மெல்லத் தள்ளினா. முந்தாநாளில இருந்து தலைமயிர் கொட்டுது. காலையில தலையணையப் பாத்தா தேங்காத் தும்பு பிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு. மகளுக்கு அஞ்சு வயசு, அதுக்கு முன்னால அழவும் ஏலா. ஊரில அம்மாவுக்குச் சொல்லல்ல. சொன்னா அண்டைக்கே எங்கட குடிச் சொந்தக்காரர் எல்லாருக்கும் போயிரும். தங்கச்சிக்குக் கலியாணம் பேசிட்டிரிக்காங்க. இதே வருத்தம் வந்து தப்பின ஒரு பொம்புளையோட, தமிழில, அரை மணித்தியாலம் கதைச்சாப் போதும் போல இரிக்கு. ஆனா ஆருக்கும் தெரியவும் கூடாது. ரெண்டாவது கீமோ வாற செவ்வாய். தெரிஞ்சாக்கள் கெதியாச் சொல்லுங்க.

ஸ்காபரோ களுதாவளையான்:
தங்கச்சி, ஒண்டுக்கும் பயப்படாதீங்க. முதல் வருசம் எல்லாருக்கும் அப்பிடித்தான். நான் 2003இல வரக்குள்ள ஒரு பேஸ்மெண்டில எட்டுப் பேர். இரவு வேலை முடிஞ்சு விடிய நாலு மணிக்கு பஸ்ஸுக்கு நிண்டா காது கழண்டு விழும் போல குளிர். வீட்டுக்குப் போன் எடுத்தா "நல்லா இரிக்கன்" எண்டுதான் சொல்லுற. அந்தத் தனிமையைத் தாண்டினா எல்லாம் சரி. முதல்ல ஓஹிப் எண்ட அரசாங்க வைத்தியக் கார்டை எடுங்க. அதுக்கு மூணு மாசம் பொறுக்கணும், அதுக்குள்ள பெரிய செலவு வச்சிராதீங்க.

மெல்பன் மச்சான்:
அண்ணன், ஒன்ராறியோவில அந்த மூணு மாசக் கதை 2020ஓட முடிஞ்சிட்டு. அது கிடக்கட்டும், அவ கனடாவில இரிக்கா எண்டு ஆர் சொன்ன?

வாழைச்சேனை மாமி:
மகள், சீனியை அடியோட நிப்பாட்டு. முள்ளு அன்னமுன்னா இலையை அவிச்சு வெறுவயித்தில குடி. எங்கட மச்சாளுக்கு அதாலதான் சுகம். கண்ணூறும் இரிக்கும், மாமாங்கக் கோயிலுக்கு ஒரு நேர்த்தி வை. நான் பிரான்சுக்கு வந்த புதுசில இடுப்பு நோ எண்டு படுத்த படுக்கை, டொக்டர் சொன்னது ஒண்டும் விளங்கல்ல, கைவைத்தியம்தான் எழுப்பிச்சு.

அக்கரைப்பத்து ராத்தா:
தங்கச்சி, எந்த நாடு? எந்த ஊர்? என்ன விசா? இது தெரியாம நாங்க என்ன சொன்னாலும் இருட்டுக்குள்ள கல்லெறியிற மாதிரித்தான். மாமி கோவிக்காதீங்க, கீமோ ஓடக்குள்ள இலை, வேர், பவுடர் எதையும் டொக்டரைக் கேக்காமக் குடிக்கக் கூடாது. மருந்தோட அடிபடும். நேர்த்தி வைக்கலாம், அது அடிபடாது.

படுவான்கரைப் புள்ள:
மன்னிச்சுக் கொள்ளுங்க, பதட்டத்தில அத எழுத மறந்திட்டன். இங்கிலாந்து, நியூகாசில். அவர் வேலை விசா, நான் அவரோட டிபென்டன்ட். இவ்வளவு செலவான வைத்தியம் செய்யிறதால விசா புதுப்பிக்கக்குள்ள பிரச்சின வருமோ எண்டு அவர் இரவில முழிச்சு இரிக்கார். எனக்கு இங்கிலிஷ் கடைக்குப் போற அளவுக்கு வரும். வருத்தத்தைச் சொல்லுற அளவுக்கு வராது.

ஈஸ்ட் ஹாம் கல்லாறான்:
அப்ப பிப், யூனிவர்சல் கிரெடிட் எண்ட அரசாங்க உதவிக் காசுகளுக்குப் போடுங்க, காசு வரும். ஆள் வேணுமெண்டா இஞ்ச லண்டனுக்கு வாங்க, தடுக்கி விழுந்தாத் தமிழர். ஆனா ஒண்டு, மட்டக்களப்பு எண்டு சொன்ன உடன "தயிர் கொண்டு வந்தனீங்களோ" எண்டு கேப்பாங்க. நம்மட கதை கேட்டுச் சிரிப்பாங்க. எங்கட ஆக்களுக்கு இஞ்ச உருப்படியா ஒரு சங்கம் இல்ல.

ஸ்காபரோ களுதாவளையான்:
இஞ்சயும் அதேதான். ஒரு சங்கம் தொடங்கினம், ரெண்டு வருசத்தில மூணாப் போச்சு.

மெல்பன் மச்சான்:
மூணிலயும் தலைவர் நம்ம அண்ணன்தானாம்.

ஈஸ்ட் ஹாம் கல்லாறான்:
ஜிபி எண்ட குடும்ப டொக்டருக்கு விடிய எட்டு மணிக்குப் போன் எடுத்துப் பாருங்க, "நீங்க முப்பத்தி ரெண்டாவது ஆள்" எண்டு பாட்டுப் போடுவான். ஊரில எண்டா ஆயிரம் ரூபாவைக் குடுத்து டொக்டரப் பாத்திட்டு வந்திரிக்கலாம்.

அக்கரைப்பத்து ராத்தா:
கொஞ்சம் நிப்பாட்டுங்க எல்லாரும். அந்தப் புள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை மருந்து.

தங்கச்சி, எனக்கு 2019இல லெஸ்டர்ல இதே வருத்தம். தெரிஞ்சதச் சொல்றன், எழுதி வச்சுக்க.

முதல் விசா. விசாவோட ஹெல்த் சர்ச்சார்ஜ் கட்டித்தானே வந்தீங்க, ஆஸ்பத்திரி வைத்தியம் அதுக்குள்ள வரும். "பொது நிதி இல்லை" எண்டு விசாவில போட்டிரிக்கிறதில என்எச்எஸ் எண்ட அரசாங்க வைத்தியம் சேராது, அவரை நித்திரை கொள்ளச் சொல்லு. ஆனா தம்பி மேல சொன்ன பிப்பும் யூனிவர்சல் கிரெடிட்டும் அந்தப் பொது நிதிதான். அதுக்குப் போட்டாத்தான் விசாவுக்குக் கரைச்சல். போடாத. மருந்துக் காசுக்கு ஜிபியிட்ட எஃப்பி92ஏ எண்டு ஒரு போம் கேளு. இங்கிலாந்தில கேன்சர் வைத்தியத்தில இரிக்கிறவங்களுக்கு அஞ்சு வருசத்துக்குப் பிரிஸ்கிரிப்சன் காசு இல்ல.

இப்ப நீ கேட்ட விசயம். உனக்கு ஒரு பிரெஸ்ட் கெயார் நேர்ஸ் இரிப்பா, தந்த பேப்பர்ல அவட நம்பர் இரிக்கும். அவவுக்கு எடுத்து, தமிழ் இன்டர்பிரிட்டர் வேணும், என்னப்போல ஒராளோட கதைக்கணும் எண்டு சொல்லு. இன்டர்பிரிட்டருக்கு நீ காசு குடுக்கத் தேவல்ல, அவங்க உன்ர கதையை வெளியில சொல்லவும் ஏலா. புருசனை மொழிபெயர்க்க வைக்காத. அவருக்கு முன்னால நீ கேக்க வேண்டிய பாதிக் கேள்வி வாயில வராது. எனக்கு வரல்ல.

பிரெஸ்ட் கேன்சர் நவ் எண்ட தொண்டு நிறுவனம், 0808 800 6000. அதில சம்வன் லைக் மீ எண்டு ஒண்டு இரிக்கு. உன்ர வயசு, வருத்தம், வைத்தியம் எல்லாம் கேட்டு, அதே மாதிரிப் போய் வந்த, பயிற்சி எடுத்த ஒராளைப் போன்ல சேத்துவிடுவாங்க. தமிழ் ஆள் இரிக்கா எண்டு கேளு, இல்லாட்டியும் விட்டிராத. எனக்குக் கிடைச்சது பஸ் ஓட்டுற ஒரு வெள்ளைக்காரி. அவ பேசினதில பாதி எனக்கு விளங்கல்ல. ஆனா "புருவமும் போகும், அதுக்கு முதல் பென்சில் வாங்கி வை" எண்டு சொன்னது அவ மட்டும்தான். டொக்டர் சொல்லல்ல, உம்மா சொல்லல்ல.

மக்மிலன் எண்டு இன்னொரு கேன்சர் தொண்டு நிறுவனம், 0808 808 0000. ஒவ்வொரு நாளும் காலை 8இல இருந்து இரவு 8 மட்டும். "தமிழ், ப்ளீஸ்" எண்டு மட்டும் சொல்லு, மொழிபெயர்ப்பாளரை லைன்ல எடுப்பாங்க. உன்ர ஊரில ஃபிரீமன் ஆஸ்பத்திரி வளவுக்குள்ள கேன்சர் வந்தாக்களுக்கு மேகீஸ் எண்டு ஒரு வீடு மாதிரி இடம் இரிக்கு. எந்த ஆஸ்பத்திரியில காட்டினாலும் வார நாளில சும்மா உள்ளுக்குப் போகலாம், காசில்ல, புக்கிங் இல்ல.

கடைசியா ஒண்டு. மேல் சுட்டா நம்மட ஆக்கள் முதல்ல செய்யிறது ரெண்டு பனடோல் போடுற. அதச் செய்யாத, காய்ச்சலை மறைச்சிரும். முதல்ல தேர்மோமீட்டர் வை. 38 காட்டினா, நடுச்சாமம் எண்டாலும், கீமோ கார்டில இரிக்கிற 24 மணித்தியால நம்பருக்கு எடு. கார்டில அதைவிடக் குறைய போட்டிருந்தா அதைப் பாத்து நட. விடியட்டும் எண்டு இராத.

ஆரையம்பதி ரீச்சர்:
நான் வெளிநாட்டில இல்ல, மகன் இந்தக் குரூப்பில சேத்துவிட்டது. எழுதலாமோ தெரியா.

எனக்கு 2008இல. சண்டைக் காலம். கரண்ட் (கதிர்வீச்சு) பிடிக்க மகரகமைக் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஊருக்கு, கொழும்பில ட்ரெயினிங் எண்டு சொல்லிட்டுப் போனன், உன்னப்போலதான். பக்கத்துக் கட்டில்ல அம்பாந்தோட்டைப் பொம்புளை ஒராள். அவவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியா, எனக்குச் சிங்களத்தில "எப்பா", வேணாம் எண்ட சொல், மட்டும்தான் வரும். நான் சத்தி எடுக்கக்குள்ள அவ பேசினைப் பிடிப்பா, அவ எடுக்கக்குள்ள நான் பிடிப்பன். ஆறு கிழமை ரெண்டு பேரும் "எப்பா, எப்பா" எண்டு சொல்லிச் சொல்லியே கிடந்தம்.

திரும்பி வந்து, தலையில சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. மறுகா, இருட்டினாப் பொறகு கொல்லைப்பக்கத்தால ஒவ்வொருத்தரா மூணு பேர் வந்தாங்க. "ரீச்சர், எனக்கும்" எண்டு. ஒருத்தி எங்கட அடுத்த வளவு, ரெண்டு வருசமாப் புருசனுக்கும் தெரியா.

அம்மாவுக்கு எப்ப சொல்லுற எண்டது உன்ர விருப்பம், நான் சொல்ல வரல்ல. கீமோவோட தார ஸ்டீரொய்ட் குளிசையில ரெண்டு மூணு நாள் நித்திரை வராது. அதைக் காலையிலயே போடலாமா எண்டு நேர்ஸிட்டக் கேட்டுப் பார். நான் விடிய அஞ்சு மணிக்கே எழும்புற ஆள். அங்க அப்ப இரவு பதினொண்டரையாம், மகன் சொன்னான். உன்ர பேர், ஊர் எனக்குத் தேவல்ல கிளி. தனியா மெசேஜ் போடு.

வாழைச்சேனை மாமி:
மச்சாள் ஒப்பரேசனும் செய்தவதான் மகள். அத நான் எழுதல்ல.

படுவான்கரைப் புள்ள:
வெள்ளிக்கிழமை மேகீஸுக்குப் போனன். வாசலில ரெண்டு தரம் கிறுகிப் போயிட்டு மறுகாத்தான் உள்ளுக்குப் போன. குசினி மேசையில இருத்தி தேத்தண்ணி ஊத்தித் தந்தாங்க, பால் கூடிட்டு. எனக்கு எதிர்ல மொட்டைத் தலையோட ஒராள் பிஸ்கட் திண்டுகொண்டு இரிந்தா, நானும் தொப்பியைக் கழட்டினன். நேர்ஸ் இன்டர்பிரிட்டர் போட்டிட்டா. சம்வன் லைக் மீக்குப் பேர் குடுத்திரிக்கன், ஆள் பாத்துச் சொல்லுறாங்களாம். மகளிட்ட மயிர் கொட்டும் எண்டு சொன்னன், பொம்மைக்கும் வெட்டட்டா எண்டு கேக்கிறா.

படுவான்கரைப் புள்ள:
ரெண்டாவதும் முடிஞ்சிட்டு. நித்திரை வருதில்ல. தனியா மெசேஜ் எப்பிடிப் போடுற எண்டும் தெரியல்ல. ரீச்சர், எழும்பிட்டீங்களா?

ஆரையம்பதி ரீச்சர்:
எழும்பிட்டன். அடுப்பில தண்ணி வச்சிரிக்கன். சொல்லு மகள்.