புகலிடம் கோருவோரின் வேலை உரிமைப் பிரச்சாரம்: கருத்துக்கணிப்பு அறிந்தோரின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இலண்டனில் அகதிகளுக்கு உதவும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். பிரிட்டனில் புகலிடம் கோரியவர்கள், முடிவு கிடைக்காமல் 12 மாதங்கள் கடந்த பின்னரே வேலை செய்ய அனுமதி கேட்க முடியும். அப்போதும் அரசு வரையறுத்த வேலைகளை மட்டுமே செய்யலாம். 2002ஆம் ஆண்டு வரை 6 மாதங்களிலேயே கேட்க முடிந்தது. கைத்தொழில் தெரிந்த ஈழத் தமிழர்களும் பிறரும் இவ்விதியால் முடங்கிக் கிடப்பது வேதனை தருகிறது.

இதை மாற்றக் கோரி நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும் முன், 2000 பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்த எண்ணுகிறோம். "வேலை செய்து வரி செலுத்த அனுமதிக்கலாமா" என்று பாதிப் பேரிடமும், வரியைக் குறிப்பிடாமல் மறுபாதியினரிடமும் கேட்டால், அந்தச் சொல் ஆதரவை எவ்வளவு மாற்றுகிறது என்பது தெரியும். ஒவ்வொரு பாதியிலும் பிழை வரம்பு (மக்களின் உண்மையான கருத்திலிருந்து கணிப்பு விலகக்கூடிய அளவு) ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளிகள் என்பதால் சிறு வேறுபாடுகளை நம்ப இயலாது. சாதகமான முடிவை மட்டும் காட்டுவது நேர்மையும் அல்ல, பயனும் தராது. கருத்துக்கணிப்பு நிறுவனங்களின் சங்கமான பிரிட்டிஷ் கருத்துக்கணிப்பு மன்றத்தின் விதிப்படி, அதன் உறுப்பு நிறுவனங்கள் நடத்தி வெளியிடப்படும் ஆய்வின் கேள்வி வாசகமும் முடிவு அட்டவணைகளும் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும்.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, உறுதியாக எதிர்ப்பவர்களைவிட இன்னும் முடிவெடுக்காதவர்களின் தயக்கமே. அதை எண்களால் அறிய முடியுமா, சிறு குழு உரையாடல்களும் தேவையா? கேள்வித்தாள் அமைத்த அனுபவம் உள்ளவர்கள் எங்கள் வரைவைப் படித்து, பதிலை ஒரு பக்கம் சாய்க்கும் வாசகங்களைச் சுட்டிக்காட்ட இயலுமா? விருப்பம் தெரிவிப்பவர்களுக்கு வரைவைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.