ஒரே டப்பாவில் செம்பும் ஈயமும்: எது யாருடைய காசு, கழுவலாமா, மழைக்காலத்தில் எப்படி வைப்பது?

புதுஆற்றுக்கரை:

வணக்கம். ஒரு பிஸ்கட் டப்பாவில் 17 காசு இருக்கிறது. எல்லாம் மாயவரம், தரங்கம்பாடி வட்டாரத்து வீட்டு இருப்பு, தோண்டி எடுத்தது எதுவும் இல்லை. நான்காகப் பிரித்திருக்கிறேன்.

அ) செம்பு, 8 காசு. கெட்டியானவை. குறுக்களவு 19 முதல் 21 மி.மீ., எடை 3.4 முதல் 4.2 கிராம். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதை ஒட்டி நாகரி எழுத்து. எட்டும் ராஜராஜன் காசுதானா? இதில் இரண்டில் வெளிர்பச்சைப் பொடி. துடைத்தால் போகிறது, பத்து நாளில் அதே இடத்தில் திரும்ப வருகிறது.

ஆ) 5 காசு, ஈயம் போலத் தெரிகிறது. நகம் பட்டாலே கோடு விழுகிறது. மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

இ) செம்பு, 3 காசு. இரண்டில் கிரீடம், அதன் கீழே ஆங்கில சி எழுத்துக்குள் 7. மூன்றாவதில் வி, ஓ, சி மூன்றையும் பின்னிய முத்திரை, 1786.

ஈ) பெரிய காசு ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனி, ஒன் அணா, 1818, அனுமார்.

குத்துவிளக்குக்குப் போடுவது போல் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாமா? ஐப்பசி பிறப்பதற்குள் ஒழுங்காக எடுத்து வைக்க வேண்டும். கடைசிக் காசை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாக வாட்ஸப்பில் ஒருவர் சொல்கிறார், அதையும் கேட்டு வைக்கிறேன்.


மூன்றாம்வரி:

அ வகையை மட்டும் நான் பார்க்கிறேன்.

எட்டும் ராஜராஜன் என்று இப்போதே எழுதி வைக்காதீர்கள். ராஜராஜன் (985–1014) ஆட்சியில் அச்சான இந்த நிற்கும்–அமர்ந்த உருவ அமைப்பை இலங்கை மன்னர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு இருநூறு ஆண்டுக்கு மேல் அடித்திருக்கிறார்கள். எடையும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. கடற்கரை ஊர்களில் இரண்டும் கலந்துதான் கிடைக்கும். உருவத்தை வைத்துப் பிரிக்க முடியாது, எழுத்துதான் தீர்ப்பு.

எழுத்து இருப்பது அமர்ந்த உருவத்தின் பக்கம், நமக்கு வலப்புறம், மேலிருந்து கீழாக. முதலில் ‘ஸ்ரீ’ தெரிந்ததும் பலர் மகிழ்ந்துபோய் நிறுத்திவிடுவார்கள். இலங்கைக் காசிலும் ‘ஸ்ரீ’தான் முதலில். அடுத்து ‘ராஜ’ என்று வந்தாலும் நம்பாதீர்கள். பொலன்னறுவையை ஆண்ட லீலாவதி ராணியின் காசு ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்றுதான் தொடங்கும். கடைசிப் பகுதியில் மறுபடி ‘ராஜ’ இருந்தால் நம் ஆள். ‘லீலாவதி’ என்று நீண்டால் ராணி. ‘பராக்ரமபாகு’, ‘சாகசமல்ல’ என்றெல்லாமும் வரும்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க அறை விளக்கை அணையுங்கள். போன் டார்ச்சைக் காசின் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் இருந்து ஒளி உரசிக்கொண்டு போகிற மாதிரி பிடியுங்கள். காசை அசைக்காமல் டார்ச்சை மட்டும் மெல்லச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் காணாத கோடு அடுத்த கோணத்தில் நிழலாக எழும்பும். நாலு கோணத்தில் நாலு படம் எடுத்துப் போடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்த படம் ஒன்றுக்கும் உதவாது. சாக்பீஸ் பொடி, மாவு தடவிப் படிக்கும் பழைய வேலை வேண்டாம், பொடி குழிகளில் தங்கி ஈரம் இழுக்கும்.


உப்புக்காற்று:

புளி, உப்பு இரண்டையும் அடுக்களையிலேயே விட்டுவிடுங்கள். விளக்கில் போகிறது வெறும் கறுப்பு. ஆயிரம் வருஷக் காசில் எழுத்தே அந்தப் பச்சை, பழுப்புப் படலத்தில்தான் நிற்கிறது, அடியில் உலோகம் ஏற்கெனவே அரித்துப் போயிருக்கும். புளியின் அமிலம் படலத்தைக் கரைத்ததும் இளஞ்சிவப்புச் செம்புத் தகடு மிஞ்சும், எழுத்து போய்விடும். உப்பு அதைவிட மோசம். உங்கள் இரண்டு காசிலும் திரும்பத் திரும்ப வருகிற வெளிர்பச்சைப் பொடிக்குக் காரணமே குளோரைடு. உள்ளே குப்ரஸ் குளோரைடாக உட்கார்ந்திருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் அமிலம் உண்டாகி, அது புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகும். பொடியைத் துடைத்தால் நிற்காது, சுழற்சி உள்ளே நடக்கிறது.

அந்த இரண்டையும் முதலில் மற்றவற்றில் இருந்து பிரியுங்கள். பொடியை ஈர்க்குச்சி முனையால், பூதக்கண்ணாடி வைத்து, குத்தாமல் கிள்ளி எடுங்கள். ஊசி வேண்டாம். பிறகு 1 லிட்டர் வாலை வடிநீரில் 23 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டும் 19 கிராம் ஆப்ப சோடாவும் கரைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற வையுங்கள். வாரம் ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். ஒரு மாதம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். படலத்தின் நிறம் கொஞ்சம் மாறும், அதனால் பொடி இல்லாத ஆறு காசை இதில் போடாதீர்கள்.

முடிந்ததும் வெறும் வடிநீரில் சில நாள், தினமும் நீர் மாற்றி. அந்த நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். பால் போல் கலங்கினால் குளோரைடு இன்னும் வெளியே வருகிறது, நீர் மாற்றுவதைத் தொடர வேண்டும். ஆனால் சோடாக் கரைசலிலேயே இதைச் சோதிக்காதீர்கள், கார்பனேட்டும் கலங்கல் கொடுத்து ஏமாற்றும்.


தராசுமுள்:

ஒரு சின்னத் திருத்தம். மளிகைக் கடையில் கிடைக்கும் பளபளவென்ற வாஷிங் சோடாக் கற்களில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதைப் போட்டால் 23 கிராம் போதாது, 62 கிராம் வேண்டும். சோப்புத்தூள் கலந்த பாக்கெட்டும் உண்டு, அது கூடவே கூடாது.


புதுஆற்றுக்கரை:

நன்றி அண்ணே. வடிநீருக்கு பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர் போதுமா? போதும் என்றால் ஈயக்காசு ஐந்தையும் அதில் நனைத்துவிடவா?


உப்புக்காற்று:

பேட்டரித் தண்ணீர் போதும். பேட்டரி ஆசிட்டை வாங்கிவிடாதீர்கள், இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும்.

ஈயத்தை நனைக்காதீர்கள். நில்லுங்கள், பொறையார்க்காரர் வரட்டும்.


பொறையார்ரோடு:

வந்தேன். செம்புக்கு மருந்தாகும் வடிநீர் ஈயத்துக்கு விஷம். சுத்தமான நீரில் ஈயம் கரைந்து அரிக்கும், குழாய்த் தண்ணீரை விட வேகமாக. ஒரு ராத்திரி போட்டு வைத்தால் காலையில் மேலே இன்னும் வெள்ளை ஏறியிருக்கும்.

அந்த வெள்ளைப் பூ ஈயக் கார்பனேட். உடம்புக்குள் போகக் கூடாத சாமான். வாயால் ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். கையுறை போட்டு, மென்மையான பிரஷ்ஷை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, பொடி பறக்காமல் ஒத்தி எடுங்கள். அடியில் விரித்த காகிதத்தைச் சுருட்டிக் குப்பையில் போட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அதற்கு மேல் வேலை வேண்டாம். ஈயத்தில் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாலே உருவம் மழுங்கிவிடும்.

பூ வருவதற்குக் காரணம் பெரும்பாலும் மர அலமாரி. மரம், பிளைவுட், அட்டை எல்லாம் அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். காசைத் தேக்குப் பெட்டியில் பூட்டி வைப்பது கௌரவமாகத் தெரியும், ஈயத்துக்கு அது வினிகர் ஜாடி. செம்புக்குப் பயன்படுத்தும் அட்டைச் சட்டமும் வேண்டாம். சின்ன பாலித்தீன் ஜிப் பை, அது ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள், டப்பா இரும்பு பீரோவில்.

டேனிஷ்காரர்கள் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் இறங்கினார்கள், 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஈயக்காசு அவர்களின் தொடக்க காலத்தது. நான்காம் கிறிஸ்டியன் காலத்திலேயே உண்டு. எந்த மன்னர் என்பது முத்திரையைப் பார்த்தால்தான் தெரியும், படம் போடுங்கள். தரங்கம்பாடியில் உள்ள டான்ஸ்போர்க் கோட்டை அருங்காட்சியகத்தில் காசுகள் இருக்கின்றன, நேரில் ஒப்பிடலாம்.

இ வகையில் சி-க்குள் 7 என்றால் ஏழாம் கிறிஸ்டியன், 1766 முதல் 1808 வரை. பின்பக்கம் மதிப்பும் ஆண்டும் பாருங்கள். அதில் ‘காஸ்’ என்று இருப்பது நம் காசுதான், அவர்கள் வாயில் அப்படி ஆனது.

வி.ஓ.சி. என்றதும் கப்பலோட்டிய தமிழரைத் தேடி வருபவர்கள் உண்டு. இது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை, காசின் பெயர் டொயிட். ‘துட்டு’ அதிலிருந்து வந்தது என்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: நாகப்பட்டினம் டச்சு வசம் இருந்தது 1658 முதல் 1781 வரை. உங்கள் காசு 1786. ஆகவே இதை ‘நாகை டச்சுக் காசு’ என்று எழுதி வைக்கக் கூடாது. டொயிட் ஹாலந்தில் அடித்துக் கப்பலில் வந்தது, அப்போது இலங்கை இன்னும் அவர்களிடம் இருந்தது. அந்த வழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். நாகையின் சொந்தச் செப்புக்காசில் ஊர்ப் பெயர் தமிழிலேயே இருக்கும்.


தராசுமுள்:

ஈ காசுக்கு வருகிறேன். ஒன் அணா, 1818, அனுமார் அல்லது ராமர் பட்டாபிஷேகம்: இது கம்பெனி அச்சடித்த காசே இல்லை. பின்னாளில் யாரோ செய்து விற்ற வெறும் வட்ட வில்லை (டோக்கன்). அதற்காகச் சாமி உருவம் இருந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சென்னையில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகன் என்ற பொற்காசில் விஷ்ணு உண்டு. 1818-க்கு முன்பே நம் பக்கம் புழங்கிய கம்பெனிச் செப்புக்காசு வேண்டுமென்றால் 1808-இன் 20 காசு, 10 காசு. சிங்கம் போட்டது, இங்கிலாந்தில் அடித்து அனுப்பியது.

நீங்களே சோதிக்க ஒரு வழி, ஒப்படர்த்தி. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றில் கடைசி இரண்டு எண்ணும் ஆடும். தராசு சரியா என்று தேயாத பத்து ரூபாய்க் காசை வைத்துப் பாருங்கள், 7.7 கிராமை ஒட்டி வர வேண்டும். பிறகு வில்லையைத் தனியாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் காசு தள்ளிய நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. செம்பு 8.9, பித்தளை 8.4 முதல் 8.7, ஈயம் 11.3, வெள்ளி 10.5.

குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாக வரும், காசை ஒரு தட்டு தட்டுங்கள். 4 கிராம் காசில் தள்ளும் நீர் அரை கிராமுக்கும் குறைவு, அதனால் 0.01 பிழையே விடையை 2 சதவீதம் புரட்டிவிடும். பெரிய காசுக்குத்தான் இது நம்பகமான சோதனை. அரித்த சோழர் காசு 8.2 காட்டினால் போலி என்று அர்த்தமில்லை. ஈயத்தை இதற்காக நனைக்க வேண்டாம்.

வாட்ஸப் ஆசாமி அடுத்து ‘பதிவுக் கட்டணம்’, ‘வரி’ என்று முன்பணம் கேட்பார். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படிக் கேட்கிறார்கள், அவர்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. ‘அரிசி இழுக்குமா, பாருங்கள்’ என்று கேட்டால் (காசுக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று ஏமாற்றும் வேலை இது) போனை வைத்துவிடுங்கள்.


மூன்றாம்வரி:

வீட்டு இருப்பு என்று சொன்னதால் சட்டம் பேசவில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக: ஆற்றுப் படுகையிலோ வயலிலோ புதைந்து கிடந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே, 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, கடிதத்தில் வைத்தாலும் குற்றம்.


உப்புக்காற்று:

மழைக்கு முன் வைப்பு. கடையில் விற்கும் மெத்தென்ற பி.வி.சி. ஆல்பம் தாள் வேண்டாம். இரண்டு மூன்று வருஷத்தில் பிசுபிசுவென்று பச்சையாக ஒட்டும். ஒட்டியிருந்தால் அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் அல்ல. மொடமொடப்பான மைலார் உறை வாங்குங்கள். ஐந்து லிட்டர் ரப்பர் வளைய டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. எண் 40-க்குக் கீழே நின்றால் அந்தப் பச்சைப் பொடி அடங்கிக் கிடக்கும். கார்த்திகையில் டப்பாவைத் திறந்து திறந்து பார்த்தால் ஜெல் ஒரே வாரத்தில் நிறம் மாறிவிடும். மாறினால் ஜெல்லை ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். தோசைக்கல்லில் போட்டுக் கருக்காதீர்கள்.


புதுஆற்றுக்கரை:

டார்ச் வைத்துப் பார்த்தாகிவிட்டது. எட்டில் ஐந்து ‘ராஜராஜ’. ஒன்று ‘லீலாவதி’ போலவே நீள்கிறது, படம் போட்டிருக்கிறேன். பொடி வந்த இரண்டில் எழுத்தே தெரியவில்லை.

அனுமார் வில்லை 20.40 கிராம், நீர் 2.43. வகுத்தால் 8.4.


தராசுமுள்:

பித்தளை.


மூன்றாம்வரி:

லீலாவதியேதான், ‘லீ’யின் கொம்பு தெரிகிறது. எழுத்து தெரியாத இரண்டுக்கும் உறையில் இப்போதைக்கு எடை, குறுக்களவு, ‘நிற்கும்–அமர்ந்த வகை’ என்று மட்டும் எழுதுங்கள். சோடாவில் இருந்து வெளியே வந்ததும் மறுபடி டார்ச் பிடித்துப் பாருங்கள்.