பதில் மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்

நைட் ஷிஃப்ட்:

சென்னையில் உட்கார்ந்துகொண்டு கலிஃபோர்னியா வக்கீல்களுக்கு மனு தயாரிப்பது என் வேலை. சிவில் வழக்கில் எதிர்த்தரப்பு நம் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் தராவிட்டால், தர வைக்கும்படி கோர்ட்டில் போடும் மோஷன் டு கம்பெல்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வரும்.

அங்கே எழுத்துக் கேள்விகள் கொடுத்தால் 30 நாளில் சத்தியப் பிரமாணத்தோடு பதில் வர வேண்டும். வாயே திறக்காமல் இருந்துவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆட்சேபணை சொல்லும் உரிமையே அவர்களுக்குப் போய்விடும். தொல்லையெல்லாம் பதில் மாதிரி ஒன்றை அனுப்புகிறவர்களால்தான்.

ஒரு கிடங்குத் தொழிலாளியின் ஓவர்டைம் வழக்கு. அந்த ஷிஃப்டில் சூப்பர்வைசர்கள் யார் யார் என்று ஒரு கேள்வி. தெளிவில்லை, பரப்பு அதிகம், தேடுவது பெரும் சுமை, அந்தரங்கம் என்று ஒரு பத்தி நிறைய ஆட்சேபணை. கடைசியில், 'இந்த ஆட்சேபணைகளை விட்டுக்கொடுக்காமல் சொல்கிறோம், விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.' பெயர் ஒன்றுகூட இல்லை. மற்றக் கேள்விகளுக்கும் அதே பத்திதான். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டிருந்தாலும் அதையே ஒட்டியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட பதிலை எதிர்த்து மனு போட 45 நாள்தான். தாண்டினால், அந்தக் கேள்விக்கு மேற்பதில் கேட்கும் உரிமை போச்சு. அதற்குள் எதிர் வக்கீலோடு பேசித் தீர்க்க உண்மையாகவே முயன்றோம் என்று பிரமாணமும் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு இந்த இடத்தில்தான் விளையாடியது. எந்த மெயில் போட்டாலும் தேன் தடவிய பதில்: 'கிளையன்ட்டிடம் கேட்டிருக்கிறேன், அவசரமில்லை, வேண்டிய டைம் எடுத்துக்கொள்ளுங்கள்.' சட்டப்படி கெடு நீள வேண்டுமானால், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரு குறிப்பிட்ட தேதி வேண்டும். 'வேண்டிய டைம்' எந்தக் காலண்டரிலும் இல்லையே! எங்கள் வக்கீலம்மா விடவில்லை. இன்ன தேதி வரை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே ஃபைல் செய்கிறேன் என்றார். தேதி வந்தது, பெயர்கள் வரவில்லை. சரி, ஃபைல் செய்தோம்.

கூடவே செபரேட் ஸ்டேட்மெண்ட் என்று ஒன்று போக வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் எழுத்துப் பிசகாமல் அடித்து, அது ஏன் போதாது என்று கீழே எழுதுவது. அந்த வெட்டி ஒட்டிய பத்தியைத் திரும்பத் திரும்ப அடித்தவன் நான். ஹியரிங் நெருங்கியதும் பெயர்களெல்லாம் தானாக வந்து சேர்ந்தன. மனு போட்ட பிறகு பதில் கொடுத்தாலும் செலவுத்தொகை விதிக்கலாம் என்று அங்கே விதி இருக்கிறது. ஜட்ஜ் விதித்தார்.

மாவட்டக் கோர்ட் வக்கீல்:

கேட்கவே பொறாமையாக இருக்கிறது தம்பி. நம் ஊரில் உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் ஆர்டர் 11-ல் எதிராளியிடம் கேள்வி கேட்பது, ஆவணம் காட்டச் சொல்வது எல்லாமே இருக்கிறது. ரூல் 21 படி, உத்தரவை மீறும் வாதியின் வழக்கைத் தள்ளலாம், பிரதிவாதியின் எதிர்வாதத்தையே அடித்துவிடலாம். ஆனால் அது வேண்டுமென்றே மீறுகிறவருக்கு மட்டும், அதுவும் கடைசி ஆயுதமாகத்தான் என்று 1978-ல் பப்பர் தையல் இயந்திரக் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நியாயமான தீர்ப்புதான். நடைமுறையில் என்ன ஆகிறது? ஐ.ஏ. என்கிற இடைக்கால மனு போட்டால் எதிராளியின் கவுண்டருக்கு, அதாவது பதில் மனுவுக்கு, ஒரு வாய்தா, ஆர்க்யூமெண்டுக்கு ஒரு வாய்தா, ஆர்டருக்கு ஒரு வாய்தா. கடைசியில் 'அப்படி ஆவணம் எதுவும் என் வசம் இல்லை' என்று ஒரு அஃபிடவிட்.

அதனால் எனக்குப் பிடித்தது ரூல் 15. எதிராளி தன் பிளீடிங்கில், அதாவது வழக்குரையிலோ எதிருரையிலோ, ஒரு ஆவணத்தைக் குறிப்பிட்டிருந்தால், காட்டு என்று நோட்டீஸ் கொடுத்தால் போதும். கோர்ட் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. தகுந்த காரணம் இல்லாமல் காட்டாவிட்டால், பிறகு அவர் தன் தரப்புச் சாட்சியமாக அதைக் கொண்டுவர முடியாது. ஒரு பாகப்பிரிவினை வழக்கில், குடும்ப ஏற்பாட்டுக் கடிதம் இருக்கிறது, தங்கை தன் பங்கை எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அண்ணன் எதிருரையில் எழுதியிருந்தார். நோட்டீஸ் கொடுத்தேன். காட்டாமல் இருந்தால் கடிதமே பயன்படாது, என்ன செய்வார்? அவர் வக்கீல் ஆபீஸிலேயே பார்த்தோம். தகராறில் இருந்த மனைக்கட்டு அதன் சொத்து விவரத்திலேயே இல்லை. அப்புறம் சமாதானப் பேச்சு அவர்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது.

ஜூனியர்:

நைட் ஷிஃப்ட் அண்ணா, ஒரு சந்தேகம். பதில் வருகிறது, ஆனால் கட்சிக்காரரின் சத்தியப் பிரமாணக் கையெழுத்து இல்லை. அந்த 45 நாள் எப்போது தொடங்கும்?

நைட் ஷிஃப்ட்:

பதிலும் ஆட்சேபணையும் கலந்து வந்திருந்தால், கையெழுத்துத் தாள் வந்து சேர்ந்த பிறகுதான் கணக்கு தொடங்கும் என்று 2022-ல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முழுக்க ஆட்சேபணை மட்டும் என்றால் கட்சிக்காரர் கையெழுத்தே தேவையில்லை. எது எந்த வகை என்று பிறகு சண்டை போட எங்களுக்கு விருப்பமில்லை. அதனால் கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதில் வந்த அன்றே காலண்டரில் ஏற்றிவிடுகிறோம்.